மலைப் புளியும் யூசுஃப்ரக்ட் என்ற சொல்லும்

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தும், 'இல்லை' என்று ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியாது என்பது வெளியே வந்துவிடக் கூடாதே என்பதற்காக!

இதுதான் குற்றம். மற்றதெல்லாம் விவரம். ஆனாலும் கேளுங்கள்...

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகம், எதுவென்று கேட்காதீர்கள். அங்கே விதியெல்லாம் அறிந்தவன் நான் ஒருவன்தான். ஐயம் கேட்டு நான் எவரிடமும் போனதில்லை. எல்லோரும் என்னிடம் வருவார்கள். அந்தப் பெருமையைப் பென்ஷனோடு சேர்த்து இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கல்வராயன் மலையில் வெள்ளையன் என்று ஒருவர். அரசு நிலத்தில் நின்ற சில புளியமரங்களுக்கு அவருடைய அப்பா பெயரில் மரப்பட்டா இருந்தது. நிலம் அரசுக்கு, புளி அந்தக் குடும்பத்துக்கு. அப்பா இறந்த பின் அவர் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. இதை மோப்பம் பிடித்த வடக்கனந்தல் பக்கத்து வியாபாரி ஒருவர், மரங்களை ஏலம் விடவேண்டும் என்று மனுப் போட்டார். விசாரிக்க வந்த அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் வராது. மொழிபெயர்க்க நான்.

மரத்தடியில் விசாரணை. முடிவில் அதிகாரி என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்: அந்த 'யூசுஃப்ரக்ட்' இப்போது இவரிடம் இருக்கிறதா?

அந்தச் சொல்லை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை! என்னவென்று கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் என் அலுவலக ஆட்கள் நின்றார்களே... ஏதோ முறைகேட்டைத்தான் கேட்கிறார் என்று பட்டது. வெள்ளையனைக் காப்பாற்றுகிற மிடுக்கோடு, "நோ சார், அப்சல்யூட்லி நாட்!" என்றேன்.

அதிகாரி குறித்துக்கொண்டார்.

"தொரை இன்னா கேட்டாருங்க சார்?" என்றார் வெள்ளையன்.

"உங்க மேல தப்பு எதுவும் இருக்கான்னு கேட்டார். இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவர் மனைவி சிரித்தாள். "பாத்தியா, சார் இங்கிலீசுல ஒரே போடு போட்டுட்டாரு! நீயும் இருக்கியே, தமிழ்லயே முழிச்சிக்கினு!"

கிளம்பும்போது ஒரு பை புளியை ஜீப்பில் வைத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். உண்மையைத் தேடியல்ல, அடுத்த முறை நானும் அந்தச் சொல்லை யாரிடமாவது வீசலாமே என்றுதான்!

'பிறர் உடைமையின் பலனை, அதற்குச் சேதமின்றி அனுபவிக்கும் உரிமை.'

ஐயோ!

நின்றபடியே மறுபடி படித்தேன். அச்சு மாறவில்லை. அது குற்றமல்ல... அதுதான் அவரிடம் இருந்த ஒரே உரிமை! அது இல்லை என்று, அவர் கண்ணெதிரே, அடித்துச் சொன்னவன் நான். சமையலறையில் என் மனைவி அந்தப் புளியைத்தான் கரைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: 'நான் கூறியது தவறு.' எழுதும் முறை எனக்கா தெரியாது? எழுதவில்லை. உத்தரவு வந்தது, மரங்கள் ஏலத்துக்குப் போயின.

உத்தரவோடு வெள்ளையன் பஸ் ஏறி என்னிடம் வந்தார்.

"இதுக்கு மேல எங்கியாச்சும் மனு குடுக்க முடியுங்களா சார்? உங்களுக்குத் தெரியாததா?"

முடியும். எங்கே, எப்படி, எதற்குள்... எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மேலே போனால் முதல் கேள்வியே இதுதான்: இவருக்கு உரிமை இல்லை என்று சொன்னது யார்?

"இல்லைங்க. இதோட முடிஞ்சுது."

நம்பினார். கும்பிடவும் செய்தார்! "நீங்க எனுக்காவ பேசனதே போதுங்க."

அடுத்த புளிப் பருவத்தில் வேறு வேலையாக மலைக்குப் போனேன். அதே மரத்தின் மேல் நின்று வெள்ளையன் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார்... கூலிக்கு! கீழே வியாபாரியின் ஆட்கள் பொறுக்கி மூட்டை கட்டினார்கள். ஜீப்பைப் பார்த்ததும் மேலேயிருந்து குரல் வந்தது.

"சார்! இருங்க சார்... மொதலாளிகிட்ட கேட்டு உங்களுக்கு ரெண்டு புளி வாங்கியாறேன்!"

நான் இறங்கவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னேன்.

அந்தச் சொல்லின் பொருளை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளையனுக்குச் சொல்லவில்லை.