வாயைத் திறந்தபடி பார்க்க வேண்டிய படங்கள்

பல்லைக் குடையும்போது சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரில்லின் இரைச்சல் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே வலது கை மட்டும் ஒரு சாண் மேலே எழும். முனை, நோயாளியின் வாய்க்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில் சும்மா சுழன்றுகொண்டு நிற்கும். கால், பெடலை விடாது. கண், பல்லை விடாது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் நாற்காலியில் மல்லாந்திருப்பவர் குலுங்கிச் சிரிப்பார். வாயில் பஞ்சு அடைத்திருப்பதால் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வெளியேறும். குலுக்கல் அடங்கியதும் கை பழைய இடத்துக்கே இறங்கும்.

சிரிப்புக்குக் காரணம் கூரையில் இருந்தது. இரும்புச் சட்டம் அடித்து, திரை கீழே பார்க்கும்படி ஒரு டிவியைத் தொங்கவிட்டிருந்தார் சித்தப்பா. அதில் சத்தமில்லாமல் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓடும். குண்டன் ஒருவன், ஒல்லி ஒருவன். உலகம் முழுக்கத் தெரிந்த ஜோடி. ஆனால் சித்தப்பா போடுவது உலகத்துக்குத் தெரிந்த படங்களை அல்ல.

சாவிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் ஒரே அறை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு; இந்தப் பக்கம் காத்திருப்பவர்கள், அந்தப் பக்கம் கதறுபவர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். மாலையில் நான் அங்கே போய் உட்காருவேன். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத இடம் அது. எல்லோருக்கும் கன்னம் வீங்கியிருக்கும்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. தம்பி என்பதை அப்பாவே அடிக்கடி நம்ப மாட்டார். 'இவனுக்கு மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு இவ்வளவு தலைக்கனம்' என்பார். சித்திதான் ஆஸ்பத்திரியின் உதவியாள். கருவி எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு வைப்பது, பணம் வாங்குவது, தரை துடைப்பது எல்லாம் அவர்தான். வேலை நேரத்தில் சித்தப்பா அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். கட்டிய மனைவியை ஒரு மனிதன் நாள் முழுக்க 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்டுவிட்டு, கடையை மூடியதும் 'ஏய், சாவி எங்கடி' என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு, கூரையில் ஓடும் படம் அவசியமே இல்லை.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. ஒருவர் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டால் அதை முழுவதும் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். ஜோடியின் புகழ்பெற்ற படங்களை எல்லோரும் சின்ன வயதிலேயே பார்த்துத் தொலைத்துவிட்டார்கள். அவன் வழுக்கி விழப்போவது இவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் விழுவதற்கு முன்பே சிரித்துவிடுகிறார்கள். முன்கூட்டிச் சிரிக்கிறவன் வாயில் டிரில்லை வைக்க முடியுமா? அதுவே யாரும் சீந்தாத படங்கள் என்றால், விழுந்த பிறகுதான் சிரிப்பு. எப்போது விழுவான் என்பது டாக்டருக்கு மட்டும் தெரியும். அறையில் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வழியும். அதை மறைக்கத்தான் முகமூடி மாட்டுகிறாரோ என்று தோன்றும்.

தெரிந்த படம் கேட்டு வருகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. வங்கி மேலாளர் ஒருவர், 'அந்த ஏணிப் படம் இருக்கா டாக்டர்' என்று ஆசையாகக் கேட்டார். சித்தப்பா முகமூடிக்குள்ளிருந்து, 'வாயை மூடாதீங்க' என்றார்.

'சிரிச்ச இடத்துலயே திரும்பத் திரும்பச் சிரிக்கிறது ரசனை இல்லைப்பா, பழக்கதோஷம்' என்று என்னிடம் சொல்வார். அவர் சிரித்து மட்டும் நான் பார்த்ததில்லை. கேட்டால், சிரிப்பது நோயாளியின் வேலை என்பார்.

அந்தப் படங்களைப் பற்றி மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவை நன்றாகத்தான் இருந்தன. சித்தப்பாவையும் மீறி நன்றாக இருந்தன. தடுப்பின் இடுக்கு வழியாகக் கழுத்தைத் திருகிக்கொண்டு பார்த்தே அவற்றில் பாதி எனக்கு மனப்பாடம். ஒரு படத்தில் இருவரும் ஒரு அலமாரியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வாசல் குறுகல். அலமாரியின் காலை அறுக்கிறார்கள். பிறகு நிலையை அறுக்கிறார்கள். பிறகு சுவரை இடிக்கிறார்கள். வீடு முழுக்க உள்ளே வந்துவிடுகிறது, அலமாரி மட்டும் தெருவிலேயே நிற்கிறது. இன்னொன்றில் ஒரே கோட்டுச் சட்டையை இருவரும் ஆளுக்கொரு கையாகப் போட்டுக்கொண்டு வேலை கேட்டுப் போகிறார்கள். கடைசிக் காலத்துப் படம் ஒன்று இருந்தது. அதில் குண்டன் இளைத்துவிட்டான், ஒல்லிக்குத் தொப்பை. விழுவதற்கு முன் இருவருமே ஒருகணம் தரையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

புகழ்பெற்ற படங்களில் இப்படியெல்லாம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே அவர்கள் ரப்பர். இங்கே எலும்பு இருந்தது. படம் ஓடாது என்று தெரிந்தும் விழுகிறார்கள். ஒருவன் விழுந்தால் மற்றவன் தொப்பியைத் தட்டிக் கொடுக்கிறான். தப்பு யார் மேல் என்று பிறகு சண்டை போடுகிறார்கள். இத்தனை காலம் கழித்தும் கன்னம் வீங்கிய மனிதர்களைச் சிரிக்கவைப்பது அதுதான் என்பது என் எண்ணம். சித்தப்பாவிடம் சொன்னேன். 'கவிதை படிச்சுக் கெட்டுப்போயிட்டே' என்றார்.

டிரைவிங் மாஸ்டர் கடைவாய்ப் பல் அடைக்க வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. பக்கத்துத் தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பெரிய உடம்பு, சிறிய குரல். அன்றைக்குப் படம் மாற்றியது சித்தி. காத்திருந்தவர்கள் பல நாளாகவே, தெரிந்த படம் ஒன்றைப் போடக்கூடாதா என்று அவரிடம்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கை கழுவப் போன நேரத்தில் சித்தி, வங்கி மேலாளர் கேட்ட அந்த ஏணிப் படத்தைப் போட்டுவிட்டார்.

நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். டிரில் சத்தம், சித்தப்பாவும் சித்தியும் தாழ்ந்த குரலில் எதையோ விவாதிக்கும் சத்தம். அதுவும் தினமும் கேட்பதுதான். திடீரென்று ஒரு குலுங்கல். அடுத்து சித்தப்பாவின் அலறல். பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அலறி நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் சிரித்த வேகத்தில் சித்தப்பாவின் ஆள்காட்டி விரலைக் கடித்திருந்தார். விரல் போகவில்லை, நகம் போயிற்று.

கையில் துணி சுற்றிக்கொண்டு சித்தப்பா தடுப்புக்கு வெளியே வந்தார். பின்னாலேயே சித்தி.

'யாரைக் கேட்டுப் படத்தை மாத்தினே?' என்றார் சித்தப்பா. அப்போது அவர் சிஸ்டர் என்று சொல்லவில்லை. 'ரசனையும் கிடையாது, புத்தியும் கிடையாது. டியூப் பிடிக்கிறதுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போட்டா போதும். நாளைலேர்ந்து வராதே.'

காத்திருந்த எல்லோரும் கண்ணாடிப் பெட்டியில் இருந்த தாடைகளைப் பார்த்தோம். சித்தி ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து, தாடைகள் இருந்த பெட்டியின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வீட்டுக்குப் போகவில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

விரல் ஆறியதும் சித்தப்பா உண்மையாகவே ஒரு ஸ்டாண்டு வாங்கினார். எச்சில் உறிஞ்சும் குழாயை அதில் மாட்டி, நோயாளியின் உதட்டோரம் தொங்கவிட்டார். கூரையில் யாரும் சீந்தாத படம். கொள்கைப்படி எல்லாம் சரியாக இருந்தது. முதல் நோயாளியே நாக்கில் கீறலோடு எழுந்து வந்தார். அலமாரிப் படம். சுவர் இடியும் இடம் சித்தப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம்; ஆனால் அந்த ஆள் சுவருக்குச் சிரிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒல்லி ரம்பத்தைத் துடைத்து மடித்து வைத்ததற்குச் சிரித்துவிட்டார். அடுத்தவருக்குச் சித்தப்பா கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார், காத்திருந்தார், சிரிப்பே வரவில்லை. அந்த அம்மாள் தூங்கிப்போயிருந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சித்தப்பா டிவியைக் குறை சொன்னார். படம் மெதுவாக ஓடுகிறது என்றார். ஒரு மெக்கானிக்கை வரவழைத்துச் சோதித்தார். ஜனங்களின் ரசனை கெட்டுவிட்டது என்றார். காத்திருக்கும் பகுதியில் கன்னங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரு மாலை அங்கே நானும் தாடைகளும் மட்டும் இருந்தோம். வாடகை நோட்டீஸை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தார் சித்தப்பா. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் ஆஸ்பத்திரியும் இருக்காது, சித்தியும் இருக்கமாட்டார் என்பது எனக்கே புரிந்தது. அவருக்குப் புரியாமலா இருக்கும்?

அப்பா அவரை இழுத்துக்கொண்டு சித்தியின் அக்கா வீட்டுக்குப் போனார். வண்டி நிறுத்த இடம் பார்க்க ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன். சித்தி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். 'வாங்க மாமா' என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார்.

சித்தப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சிரிப்பின் நேரம் இப்போது ஏனோ தப்புகிறது, நீ துடைத்து வைத்த மாதிரி படத்து டிஸ்க்கையெல்லாம் இப்போது யாரும் துடைத்து வைப்பதில்லை என்றார். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

சித்தி ஒரு துண்டை உதறினார். 'நான் அந்தப் படம் ஒண்ணைக்கூட முழுசாப் பார்த்ததில்லை' என்றார். 'எனக்கு எங்க நேரம்? நான் வயித்தைப் பார்ப்பேன். சிரிப்பு வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி வயித்துக்குத்தான் வரும். சட்டைப் பொத்தான் லேசா இறுகும். உடனே டியூபை வெளியே எடுத்துடுவேன். நான் எடுத்தா நீங்க டிரில்லை எடுப்பீங்க.'

'நான் எடுத்தப்புறம்தான் நீ எடுத்தே' என்றார் சித்தப்பா.

'அப்படின்னா இப்ப எடுங்களேன்.'

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இத்தனை காலம் காக்கையின் சாமர்த்தியம் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் என் சித்தப்பா. இதிலும் ஒரு விசேஷம், அந்தக் காக்கைகூட அவர் இல்லை, சித்தி. அவருக்குப் பனம்பழமாக இருந்த பெருமைகூடக் கிடையாது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட முகம் மாதிரி ஒருபக்கமாகத் தொங்கியது.

சித்தி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். போ என்று சொன்னது எங்கேயோ அங்கேயே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, வா என்று சொல்ல வேண்டும். டியூப் பிடிப்பது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை அவர் செய்வார் என்று அப்பா நம்பவில்லை. மூன்றாம் நாள் சித்தி வாசலில் வந்து நின்றபோது காத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சித்தப்பா தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பார்ப்பவர்களுக்கே பல் கூசியது.

'இவங்க… வயித்தைப் பார்ப்பாங்க' என்றார். 'நான் அவங்க கையைப் பார்ப்பேன். அதுதான்… வழக்கம்.' பிறகு கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்து ஏப்ரனை எடுத்துத் தூசு தட்டி நீட்டினார். 'வா.'

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியவேண்டியவருக்குப் புரிந்தது. சித்தி ஏப்ரனை வாங்கி, நாடாவைக் கட்டிக்கொண்டே, 'ஸ்டாண்டைத் தூக்கி வெளியில போடுங்க டாக்டர்' என்றார். படம் எதைப் போடுவது என்று கேட்டதற்கு, எது வேண்டுமானாலும் போடுங்கள், எனக்கென்ன என்றார். அதனால் அந்த ஜோடியின் யாரும் சீந்தாத படங்களே தொடர்ந்து ஓடின. சித்தப்பாவின் கை மறுபடியும் சரியான நேரத்தில் எழுந்தது. கொள்கையையும் அவர் விட்டுவிடவில்லை. வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்களிடம் முழுவதையும் சொன்னார். ஒரே மாற்றம், 'டாக்டருக்கு மட்டும் தெரியும்' என்ற இடம் வந்ததும் சித்தி கிண்ணத்தை 'டங்' என்று வைப்பார். சித்தப்பா அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன், அதே டிரைவிங் மாஸ்டரிடம். சிக்னலில் நின்றிருந்தபோது, அந்த ஏணிப் படத்தில் எந்த இடத்துக்கு அப்படிச் சிரித்தீர்கள் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

'என்ன படம்?' என்றார் அவர். 'கண்ணாடியைக் கழட்டிப் பையில வெச்சிருந்தேன் தம்பி. அது இல்லாட்டி எனக்கு ஒரு முழத்துக்கு மேல எதுவுமே தெரியாது. மேல டிவி இருக்குன்னே வீட்டுக்குப் போன அப்புறம் யாரோ சொல்லித்தான் தெரியும்.'

பிறகு சொன்னார். வீட்டுக் கதவைப் பூட்டியது யார் என்று சித்தப்பாவும் சித்தியும் அவர் வாய்க்கு மேலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். வேகத்தில் சித்தப்பா, டிரில் பெடலோடு சேர்த்து நாற்காலியை இறக்கும் பெடலையும் மிதித்துவிட்டார். நாற்காலி மெல்ல மெல்லக் கீழே போக, இருவரும் அதைக் கவனிக்காமல், டாக்டர் என்றும் சிஸ்டர் என்றும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே, அவரோடு சேர்ந்து தரை வரைக்கும் குனிந்துகொண்டே வந்தார்களாம்.