சுட்ட வசம்பு

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது என்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் படுத்தியது. நான் படித்த பள்ளியில் கையால் பேசக் கூடாது. பேசினால் வாய்ப்பேச்சு வராது என்பது அவர்கள் கட்சி. "வீட்லயும் கைய ஆட்ட விடாதீங்க" என்று டீச்சர் சொல்ல, அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதுவரை கையால் பேசிய அம்மாகூட, முத்தியால்பேட்டை வீட்டில் என்னிடம் வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு மண்ணும் புரியாது.

இரண்டாம் வகுப்பில் ஒருநாள் பக்கத்துப் பெண்ணிடம் கையால் கதையளந்து மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் பள்ளி வாசலில் டீச்சர் என்னைக் காட்டி அப்பாவிடம் ஏதோ சொன்னார். வழி நெடுக அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் சேதராப்பட்டுப் பெரியம்மா வந்திருந்தாள். விரல் நீளத்துக்கு ஒரு குச்சியை விளக்குச் சுடரில் காட்டினாள். அது புகைந்து, கனன்று, கரியானது. கல்லில் அதை இழைத்துவிட்டு, என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக் காட்டினாள். நானும் நீட்ட வேண்டுமாம்!

பொய் சொன்ன மகனுக்கு எதிர்வீட்டுக்காரி கரண்டியைக் காய்ச்சிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஆக, கையால் பேசியதற்கு நாக்கில் சூடு. இது என்ன நியாயம் என்று கேட்கவும் கைதான் வேண்டும். அதுதானே குற்றம்! இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி உட்கார்ந்தேன். இனி ஆட்ட மாட்டேன், பாருங்கள் என்று.

"பேச்சு வந்துடும், புள்ளைய கெட்டியா புடிங்க" என்றாளாம் பெரியம்மா. வெகுநாள் கழித்து அக்கா சொன்னாள். அது வசம்பாம். சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினால் ஊமை பேசும் என்று நம்பிக்கை. இதை என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா என் தோளைப் பிடித்தார். என் பாவாடை நனைந்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்த விதத்தை அப்போதுதான் அம்மா பார்த்தாள். சட்டென்று குறுக்கே வந்து, கல்லிலிருந்த கரியைத் தொட்டுத் தன் நாக்கில் தடவிக்கொண்டாள். பிறகு அப்பா பார்க்கப் பார்க்க, இரண்டு கைகளையும் தூக்கி, சுடாதுடி, பயப்படாதே என்று கையாலேயே சொன்னாள். அப்பா என் தோளை விட்டுவிட்டார்.

எனக்காகத்தான் அவள் துணிந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐயோ, அம்மாவும் கையை ஆட்டிவிட்டாளே, இனி அவளுக்கும் சூடுதான் என்றுதான் பதறினேன். அவள் கைகளை இழுத்து, அப்பாவின் கண்ணில் படாதபடி என் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.