காற்றுப் பை வைத்த கார்

எங்கள் காரைக் கெடுத்தது மாமாதான் என்று ஒன்பது வயதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. அந்தக் கோபத்தில் நான் செய்த காரியத்தை வீட்டில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரான செமோரிலிருந்து ஐந்து மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா லாரி ஓட்டினார். கடைசி வெள்ளைக்கார துரை ஊருக்குத் திரும்பியபோது விட்டுப்போன பழைய இங்கிலீஷ் கார் அப்பாவின் கைக்கு வந்தது. அப்போதே அதற்கு இருபது வயது. வெண்ணெய் நிறம், உருண்டை விளக்குகள், சிவப்புத் தோல் சீட்டு. தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் கார் நின்ற ஒரே வீடு எங்களுடையது. பின்சீட்டில் இடது பக்க ஜன்னலோரம் எனக்கு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றாலும் பள்ளிக்கூடம் முழுவதற்கும் அது தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. என்னிடம் சொல்லப்பட்ட பெயர் அதுதான். செவ்வாய்க்கிழமைதோறும் அப்பா அவளை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனார். என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரும்போது எனக்குத் தேங்காய்ப்பால் ஜாம் வைத்த ஒரு காயா பன் வரும். ஈப்போவில் இருவரும் ஊர் சுற்றிவிட்டு என் வாயை அடைக்க வாங்கிவருவது அது என்று நான் தீர்மானித்திருந்தேன். வந்ததும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சுற்றிய களைப்பு.

தோட்டத்து ரோடு செம்மண். மழைக்காலத்தில் லாரிச் சக்கரம் அறுத்த பள்ளங்களில் காரின் வயிறு மோதும். கல் கொட்டித் தரும்படி அப்பா ஆபீசில் இரண்டு முறை கேட்டார். தோட்டத்தையே விற்கப் போகிறார்கள், ரோட்டுக்கு யார் செலவு செய்வார் என்று தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கேட்டாராம். இன்று அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று என் கோபமெல்லாம் வேறு பக்கம் இருந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சிம்பாங் பூலாயில் கல் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தவர், அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ரோட்ட அவனுங்க செய்யப் போறதில்ல மச்சான். நாம காடியச் செஞ்சிருவோம் லா” என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிறுகள் கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. உடைக்கப்போட்ட பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு ரப்பர் பைகளை மாமா கொண்டுவந்திருந்தார். பின்சக்கரங்களின் வில்பட்டைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு அந்தப் பைகளைப் பொருத்தினார். அவற்றில் காற்று ஏறினால் காரின் பின்பக்கம் எழும்பும், இறங்கினால் தாழும். மண் ரோட்டில் தூக்கிக்கொள்ளலாம், தார் ரோட்டில் இறக்கி மெத்தென்று போகலாம். அம்மா ஏறவும் இறங்கவும் தரையோடு தாழ்த்தலாம். அதற்கு இரண்டு குழாய்த் திருகு, ஒரு முள் வைத்த அளவுமானி, காற்றை நிரப்பி வைக்க லாரியிலிருந்து எடுத்த இரும்புத் தொட்டி.

அந்தத் தொட்டியைத்தான் என் இடத்தில் வைத்தார். சிவப்புச் சீட்டின் இடது பாதியை அறுத்து எடுத்துவிட்டு, அங்கே போல்ட் போட்டு முடுக்கினார். மறுபாதியில் அம்மா. முன்னால் அப்பாவும், திருகுகளைப் பார்த்துக்கொள்ள மாமாவும். எனக்கு இடமே இல்லை. ஏன் என்று கேட்டேன். அப்புறம் செய்து தருகிறேன் பாப்பா என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

லயமே கூடி வேடிக்கை பார்த்தது. கார் உஸ்ஸென்று உட்கார்ந்தது, பிறகு முதுகைத் தூக்கியது. அம்மா மட்டும் சிரித்தாள், வெகுநாள் கழித்து. மறுநாள் பள்ளியில் ஒரு பையன் குந்துவதும் எழுவதுமாக எங்கள் கார்போல நடித்துக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அந்த வாரமே எங்கள் காருக்கு குந்துற காடி என்று பெயர் வந்துவிட்டது. ஒரு ராணியைப் பிடித்து இப்படிக் குந்த வைத்துவிட்டாரே என்று நான் கொதித்தேன். எனக்கு இடமும் போயிற்று, மானமும் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தவள், கார் நிற்கும் கொட்டகையில் யாரும் இல்லாததைப் பார்த்தேன். மாமா செய்வதைக் கவனித்திருந்ததால் எந்தத் திருகு எதற்கு என்று தெரியும். இரண்டையும் திறந்துவிட்டேன். நெடுநேரம் உஸ்ஸென்று சத்தம் வந்தது. கார் மெல்லத் தரையை நோக்கி இறங்கியது. முள் கடைசிக் கோட்டில் விழுந்தபின் திருகுகளை மூடிவிட்டுப் போய்ச் சோறு தின்றேன்.

செவ்வாய் காலையில் மாமா வந்து திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. கால் பம்பை எடுத்துவந்து சட்டை நனைய மிதித்தார். முள் அசைந்தது போலவும் அசையாதது போலவும் இருந்தது. வெளியே காற்று அடிக்க வேண்டுமானால் செமோர் பெட்ரோல் கடைக்குத்தான் போக வேண்டும். அதற்கு அந்த ஐந்து மைலையும் கடந்தாக வேண்டும்.

அப்பா உரக்கப் பேசுகிற மனிதர் அல்ல. அன்று பேசினார்.

“பழைய இரும்பக் கொண்டாந்து மாட்டிட்டு. ஒன்ன நம்புனேன் பாரு.”

மாமா தலையைக் குனிந்துகொண்டு மிதித்துக்கொண்டே இருந்தார். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது போலிருந்தது. அம்மா வாசலில் வந்து நின்று, நேரமாகிறது, அங்கே காத்திருக்க மாட்டார்கள், இப்படியே போகலாம் என்றாள். தலையணையை மடியில் கட்டிப் பிடித்தபடி ஏறினாள். கார் லயத்தைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கிய சத்தம் வீடுவரை கேட்டது.

மத்தியானம் அவர்கள் திரும்பிவந்தபோது செமோரில் அடித்த காற்றில் கார் நிமிர்ந்து நின்றது. ஆனால் அம்மாவை அப்பாவும் மாமாவும் தூக்கித்தான் இறக்கினார்கள். அவள் கீழுதடு பல் பட்டுக் கிழிந்திருந்தது. மாமா உடனே சோப்புத் தண்ணீர் கேட்டார். காரின் அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். எங்கும் குமிழி வரவில்லை. எழுந்து ஜன்னலருகே வந்து, உள்ளே படுத்திருந்த அம்மாவிடம் சொன்னார்.

“ஓட்ட எங்கயும் இல்லக்கா. யாரோ தெறந்து விட்டிருக்காங்க.”

“நாந்தான் தம்பி” என்றாள் அம்மா. “நேத்து காடில துண்ட எடுக்கப் போனேன். கை பட்டிருச்சு.”

அம்மா தனியாகக் கொட்டகைவரை நடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. அது அப்பாவுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். இருந்தும் மாமா சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. ஒரு சின்னப் பொய் சொன்னாலும் என் தொடையைக் கிள்ளுகிறவள், தான் மட்டும் இப்படிக் கூசாமல் புளுகலாமா? அதுவும் நான் செய்ததைத் தான் செய்ததாக. உண்மையைச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. கிள்ளலுக்குப் பயந்து விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“அந்த ஜன்னல் எடம் ஒனக்கு அவ்ளோ புடிக்குமா?”

“ஆமா. தொட்டிய சீக்கிரம் கழட்டச் சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றாள்.

மறுவாரம் மாமா திருகுகளைக் கம்பியால் கட்டிவைத்தார். அதன்பின் ஒரு செவ்வாயும் கார் மோதவில்லை. பள்ளங்களின் மேல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாத்து நடப்பதுபோல ஆடி ஆடிப் போகும். எனக்கு மாமாவோடு பேச்சில்லை. அவரும் காலையில் வந்தால் என் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். தெரிந்துதான் தட்டினாரா என்று இப்போது கேட்க அவர் இல்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று அவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம், நான் பள்ளி விட்டு வந்த கையோடு திரும்பிவிட்டார்கள். அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு வந்த அப்பா வாசல் படியில் உட்கார்ந்தார். இனிமேல் ஈப்போவுக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மெதுவான குரலில் மாமாவிடம் சொன்னார். மாமா காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அவ்வளவு கேட்டதே எனக்குப் போதும். ஒரே ஓட்டமாக ஓடினேன். வழியில் கண்ட எல்லாரிடமும் கத்திச் சொன்னேன், எங்கம்மாவுக்கு நல்லாப் போச்சு, இனிமே ஆஸ்பத்திரி இல்ல என்று. குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருத்தியாவது சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து, சோப்பு நுரைக் கையோடு என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். என் பள்ளிச் சட்டை முழுக்க ஈரம். நான் திமிறினேன். நல்ல சேதி சொல்ல வந்தவளிடம் இந்தப் பெரியவர்கள் எல்லாம் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்கு அப்படிக் கோபம் வந்தது.