ஹாரன் அடிக்காமல் எப்படித் திரும்புவது?

இப்படி ஆகும்னு காலையிலேயே சொன்னேன். கூட வந்த மருமகன் செல்வம் சாட்சி.

இன்னைக்குத்தான் முதல்முறையா ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டினேன். பயிற்சியாளர் தெளிவாத்தான் சொன்னார்: "முன்னால போறவர் பாதையை மாத்தக் கூடாது. பின்னால வர்றவர்தான் பாத்து முந்தணும்."

தாராவியில் முப்பது வருஷம் ஓட்டின கை கேட்குமா? ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். முன்னால் போன நாலு பேரும் மும்பைக்காரர்கள். பழக்கதோஷத்தில் ஓரம் ஒதுங்கி, வரிசையாகப் புல்லுக்குள் இறங்கிவிட்டார்கள்.

உடனே சிவப்புக் கொடி. பயிற்சியாளர் ஓடி வந்தார். "அங்கிள், இன்னொரு ஹாரன் கேட்டா வீட்டுக்குத்தான்!"

"அடிக்காம திரும்புனா மரியாதையா இருக்காதே, சார்!"

"மாமா, சும்மா இருங்க"ன்னு செல்வம் ஹாரன் வயரையே பிடுங்கிவிட்டான். அடுத்த சுற்றில் அத்தனை பேரையும் முந்தினேன்.

சரி, முந்தினது மட்டும் சும்மா சொன்னது. முதல் வளைவிலேயே நிறுத்திவிட்டேன். எதிரில் எவனாவது ராங் சைடில் வந்தா? நீங்களே சொல்லுங்க.