எங்கக்கா போறீங்க?

மெர்லிமாவ் பஸ் நிறுத்தத்தில் மலாக்கா பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, பெரிய பையோடு எஸ்டேட் பாதையிலிருந்து வருகிறார். நடையில் வேகமே இல்லை. நின்று நின்று திரும்பிப் பார்க்கிறார். பக்கத்தில் வந்ததும் வாய் தவறிக் கேட்டுவிடுகிறேன்: "எங்கக்கா போறீங்க?"

கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

அவர் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்து, போத்தலைத் திறந்து குடிக்கிறார். "தங்கச்சி ஜொகூர்ல வேலை பாத்து வச்சிருக்கா. அப்பாவும் போயிட்டாரு, இனிமே இங்க எனக்கு யாரு இருக்கா? ஆனா சகுனம் சரியில்லையே."

ஜொகூர் பஸ் வந்து நிற்கிறது.

"அதான் தண்ணி குடிச்சாச்சே, ஏறுங்கக்கா" என்று கெஞ்சுகிறேன். அவர் ஓட்டுநரிடம் வேண்டாமென்று கையசைக்கிறார். பஸ் போய்விடுகிறது.

"மன்னிச்சிருங்கக்கா. என்னாலதான்."

"உங்களால இல்ல லா, தம்பி. போன வாரம் கிளம்புனப்ப பூனை குறுக்க வந்துச்சு. அதுக்கு முந்தி ஒத்தத் தும்மல்."

பையைத் தூக்கிக்கொண்டு வந்த பாதையிலேயே திரும்புகிறார். இப்போது நடையில் வேகம் இருக்கிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.