பெரிய வளவில் ஓர் அறை

நான் வேலை செய்யும் ஹோட்டல் பிரான்சில் போர்தோ நகருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. வைன் குடித்து ஓய்வெடுக்க வருகிற வெள்ளைக்காரர் எப்போதாவது என்னிடம் எந்த நாடு என்று கேட்பார்கள். ஸ்ரீலங்கா என்பேன். கடற்கரை அழகாக இருக்குமாமே என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இது எனக்குப் புதுமையாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அப்படி இலேசில் விடமாட்டார்கள். பாரிசில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் போதும், பக்கத்துக் கதிரைக்காரர் சோற்றைக் குழைத்தபடியே தொடங்கிவிடுவார். யாழ்ப்பாணத்திலை எந்த ஊர்? ஊரிலை எவடம்? எந்த ஒழுங்கை? ஒழுங்கையைச் சொன்னால் அந்தச் சந்தில் குடியிருப்பவர்களின் சாதி தெரிந்துவிடும். கேட்பதே அதற்காகத்தான். நான் "அச்சுவேலிப் பக்கம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க எழும்பிவிடுவேன். ஹோட்டலில் பின்புறக் குசினி வாசலால் போய்க் கட்டில் விரித்துவிட்டு வருகிறவன் நான். அங்கே யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வருடம் ஊருக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் ஒரு படம் பார்த்தேன். செம்மண் தோட்டம், பந்தல் நிறையத் திராட்சைக் குலைகள், பின்னால் நீலத் தண்ணீரோடு நீச்சல் தடாகம். திராட்சையை முந்திரிகை என்கிற எங்கள் ஊரின் அந்தத் தோட்டத்தைப் பார்த்த உடனேயே அடையாளம் தெரிந்துவிட்டது. பெரிய வளவு, ஊரின் பெரிய வீடும் காணியும்! வீட்டுக்காரர் அவுஸ்திரேலியாவில் இருக்க, யாரோ குத்தகைக்கு எடுத்து ஏழு அறைகளோடு ஆடம்பர ஹோட்டல் ஆக்கியிருந்தார்கள். அந்தப் பந்தலின் தூண்களை நட்டவர் என் அப்பா. கொடிகளுக்குப் பதினாலு வருடம் தண்ணீர் இறைத்தவர் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்து பழம் பறித்தவன் நான். எங்கள் கால் பட்ட இடம் தோட்டமும் கொல்லையும்தான். விறாந்தையில் ஒருநாளும் ஏறியதில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மாவாவது ஒரு தடவை அந்த விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கவேண்டும், உள்ளறையில் நித்திரை கொள்ளவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்ன ஆசை, வன்மம்தான். "எனக்கெதுக்கு உந்த விளையாட்டு?" என்று அம்மா பலமுறை மறுத்தார். நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

முன்வாசலில் மல்லிகை மாலை போட்டார்கள். அறையில் பித்தளைக் குமிழ் வைத்த கதவு, திரை தொங்கும் கட்டில், குளிக்கிற தொட்டியில் ரோசாப்பூ இதழ்கள். மனேஜர் வேறு ஊர், இணுவில் பெடியன், நல்ல மரியாதைக்காரன். விறாந்தையில் நின்று இடத்தைக் காட்டியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உதிலை ஒரு கிணறு இருந்ததெல்லோ? மூடிப்போட்டியளோ?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்கள் இந்த வீட்டு ஆக்களோ, சேர்? வீட்டுக்கார ஐயாவுக்குச் சொந்தமோ?"

அம்மா பக்கத்தில் கதிரையின் நுனியில் இருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஒளித்து ஒளித்தே பழகிய நாக்கு.

"ஓம், தூரத்துச் சொந்தம்" என்றேன்.

"அப்ப இது உங்கடை வீடெல்லோ, அம்மா!" என்று அவன் அம்மாவுக்கு முன்னால் குனிந்தான். பிறகு தானே உள்ளே போய்ப் பழரசம் கொண்டுவந்தான். மெருகு பூசிய தேங்காய்ச் சிரட்டையில், புதினா இலை மிதக்கவிட்டு. "எல்லாம் இயற்கையோடை சேர்ந்தது, சேர்." அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி தங்கள் சிரட்டைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. இதே வீட்டில் எங்களுக்குத் தேநீர் தந்ததும் சிரட்டையில்தான். அவர்கள் குடிக்கிற பேணியில் எங்கள் வாய் படக்கூடாது. குடித்தபின் நாங்களே கழுவி வேலியில் செருகிவிட்டுப் போகவேண்டும்.  வீட்டுக்காரரின் சொந்தக்காரன் என்றபிறகு எந்த வாயால் இதைச் சொல்வது?

அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். சிரட்டையோடு எழும்பினார்.

"விடுங்கோ அம்மா, பெடியள் எடுப்பினம்" என்றான் மனேஜர்.

"இல்லைத் தம்பி. இந்த வீட்டிலை நாங்கள் குடிச்ச சிரட்டையை நாங்கள்தான் கழுவுறது. உந்த முந்திரிகைக்குத் தண்ணி இறைச்சனாங்கள்."

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. மனேஜர் என்னைப் பார்த்தான். நான் தடாகத்தைப் பார்த்தேன். "அப்ப... நீங்கள் எவடம், அம்மா?" என்று கேட்டான். அம்மா ஒழுங்கையையும் அப்பாவின் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார். அதன்பிறகும் அவன் மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை. உங்கடை வீடு என்று மட்டும் மறுபடி சொல்லவில்லை.

அம்மா தன் பையை எடுத்துக்கொண்டார். "எனக்கொரு ஓட்டோ பிடிச்சு விடு."

"இருங்கோ அம்மா. உங்களுக்காகத்தானே இதெல்லாம் செய்தனான்."

"எனக்காகவோ? அவையைச் சொந்தமெண்டு சொன்னாய். உந்தத் தூணெல்லாம் நட்ட மனிசன் அப்ப உனக்கு ஆர்?"

 இந்தக் கேள்விதான் இதை எழுதவைத்தது.

ஓட்டோ வந்தது. அம்மா ஏறி, ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு இருந்தார். எங்கள் வீடு ஒரு மைல் தூரம்தான். நானும் ஏறியிருக்கலாம். ஆனால் மனேஜர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்க அந்த ஒழுங்கைக்குப் போக எனக்குக் கால் எழவில்லை.

"நாளைக் காலமை வாறன், அம்மா" என்றேன்.

அம்மா முன்னால் குனிந்தார். சாரதியிடம், "அவன் வரமாட்டான் தம்பி. நீ எடு" என்றார்.

ஓட்டோ திரும்பி மறைந்தது. காவலாளி நான் உள்ளே வருவேன் என்று கேற்றைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்தில் மாலையோடு நான் றோட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.