பட்டனை நகர்த்தியது யார்?

போன செவ்வாய்க்கிழமை சித்தூர் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். யுபிஎஸ் பேட்டரி மாற்றுகிற வேலை. மாற்றினேன். அப்படியே கிளம்பியிருந்தால் இந்த வாரப் பத்தியில் வெயிலைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பேன்.

கிளம்ப முடியவில்லை. கேட்டில் ஒரே சத்தம்.

வெதுருகுப்பத்து விவசாயி ஒருவர் வண்டி எடை போடுகிற வேபிரிட்ஜ் ரூம் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? பழம் நல்லாக் கீதுன்னு உங்க ஆளே பார்த்துச் சொன்னாரு. இப்ப திரும்பிப் போன்னா? எட்துக்கினு போயி மறுபடியும் மரத்துல ஒட்ட வெக்கவா?"

உள்ளே செங்கம்மா. மூன்று வருஷமாக அந்த ரூமில் உட்காருகிறவர். பழ டிராக்டர் வரும். எடை ஏறும். கம்ப்யூட்டரில் இரண்டு பட்டன். இடது பக்கம் அழுத்தினால் 'அக்செப்ட்', பழம் உள்ளே. வலது பக்கம் அழுத்தினால் 'ரிடர்ன்', பழம் வெளியே. அழுத்தியதும் சீட்டு வரும். வாட்ச்மேன் சீட்டைப் பார்த்து வழி காட்டுவார்.

அன்று காலை ஐந்து டிராக்டருக்கு 'ரிடர்ன்' சீட்டு வந்தது. ஐந்தையும் வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். ஆறாவது ஆள்தான் இந்த வெதுருகுப்பத்துக்காரர். அவர் திரும்பவில்லை. கத்தினார். நல்ல மனிதர்.

மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார். செங்கம்மாவைப் பார்த்தார்.

"சதுவு, படிப்பு இல்லாதவங்களைக் கொண்டாந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சா இப்படித்தான். நாளையிலேர்ந்து வராதம்மா."

அவ்வளவுதான். மூன்று வருஷ வேலைக்கு ஒரு வரி.

செங்கம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நான் தப்பா அழுத்தலணா. எப்பவும் அழுத்துற எடத்துலதான் அழுத்தினேன்."

எப்பவும் அழுத்துகிற இடம்… எனக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தேன். அக்செப்ட் வலது பக்கம் போயிருந்தது. ரிடர்ன் இடது பக்கம் வந்திருந்தது.

செங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இடம் தெரியும். அவர் மட்டுமா? நம் பக்கத்தில் பாதிப் பேர் கம்ப்யூட்டரை அப்படித்தான் ஓட்டுகிறோம். படிப்பதில்லை — கை போகிற இடத்துக்குப் போகும். நானும் எட்டாம் கிளாஸ்தான்.

முந்தின நாள் சாயங்காலம் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் புது வெர்ஷன் போட்டிருக்கிறார்கள். மேனேஜருக்குத் தெரியும். செங்கம்மாவுக்குச் சொல்லவில்லை. பட்டனை அழுத்துகிறவருக்குச் சொல்லாமல் பட்டனை நகர்த்துவது என்ன நியாயம்? அப்புறம் அவருக்குப் படிப்பில்லை என்பது என்ன நியாயம்?

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். ஹைதராபாத்தில் ஒரு பையன் எடுத்தான்.

"அது புது டிசைன் சார். மாத்தணும்னா ரிக்வெஸ்ட் போடுங்க. மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரத்தில் மாம்பழ சீசனே முடிந்துவிடும் என்றேன். அதற்கும் ரிக்வெஸ்ட் போடச் சொல்வான் போலிருந்தது. வைத்துவிட்டேன்.

இந்தப் புரோகிராமை முதலில் எழுதியவர் நம்ம சித்தூர்க்காரர்தான். இப்போது அமெரிக்காவில் இருக்கிறார். போவதற்கு முன் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார் — திரையில் எது எங்கே என்பது புரோகிராமுக்குள் இல்லை, பக்கத்தில் எக்ஸ்எம்எல் என்று ஒரு ஃபைலில் இருக்கிறது என்று. புரோகிராம் திறக்கும்போது அதைப் படித்துத்தான் திரையைக் கட்டும்.

கல்யாணப் பந்தல்காரர் கையில் சீட்டு இருக்குமே, நாற்காலி இங்கே, மேடை அங்கே என்று? அதுதான் அந்த ஃபைல். பந்தல்காரர் அதே ஆள். சீட்டை மாற்றினால் பந்தல் மாறும்.

தேடினேன். இருந்தது. முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். பிறகு நோட்பேடில் திறந்தேன். எல்லாம் வெறும் எழுத்து. முன்னால் ரிடர்ன், பின்னால் அக்செப்ட். அக்செப்டை வெட்டினேன். மேலே ஒட்டினேன். சேவ்.

புரோகிராமைத் திறந்தேன். திறக்கவில்லை. ஏதோ எரர். திரையே வரவில்லை.

வெளியே ஏழு டிராக்டர். ஹாரன். வெயிலில் பழம் வெந்துகொண்டிருந்தது.

"இருந்ததையும் கெடுத்துட்டியேய்யா!" என்றார் மேனேஜர்.

"இருந்துச்சா சார்?" என்றார் செங்கம்மா.

நான் ஃபைலை வரிவரியாகப் பார்த்தேன். வெட்டும்போது ஒரு வரியை விட்டுவிட்டிருந்தேன். 'இந்தப் பட்டன் இதோடு முடிந்தது' என்று சொல்கிற வரி. முடிவு தெரியாவிட்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த விஷயத்தில் கறாரான ஆள்.

அதையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். திரை வந்தது. அக்செப்ட் இடது பக்கம்.

வெதுருகுப்பத்துக்காரரின் டிராக்டர் உள்ளே போனது. முன்னால் போன ஐந்து பேருக்கும் வாட்ச்மேன் போன் போட்டார். மூன்று டிராக்டர் திரும்பி வந்தது. இரண்டு வரவில்லை. அந்த இரண்டு லோடு பழம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

செங்கம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த எழுத்தையும் மாத்தலாமாணா?"

மூன்று வருஷத்தில் ஒரு இன்ஜினியரும் கேட்காத கேள்வி.

வீட்டில் தமிழ் பேசுகிறவர். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில், நாலாம் கிளாஸ் வரை. தெலுங்கு சரளமாகப் படிப்பார். எனக்குத் தெலுங்கு பேச வரும். எழுத்தில் கைநாட்டு. திரையில் தெலுங்கு கீபோர்டைக் கொண்டுவந்தேன். அவர் விரலால் காட்டினார், நான் அழுத்தினேன்.

"இதுவா?"

"அது இல்லணா. பக்கத்துல. இன்னாணா, இது கூடத் தெரியலியா!"

முதல் தடவை திரையில் வெறும் கேள்விக்குறியாக வந்தது. சேவ் பண்ணும்போது கீழே ஒரு சின்னப் பெட்டியில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தேர்ந்தெடுத்தேன். எழுத்து வந்தது. செங்கம்மா உரக்கப் படித்தார்.

"தீஸ்கோ. வெனக்கி பம்பு."

எடுத்துக்கோ. திருப்பி அனுப்பு. அவரே வைத்த பெயர்கள். பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்கிறீர்கள்? நான் கெடுத்ததையும் சேர்த்து முக்கால் மணி நேரம். ஆரம்பத்திலேயே நம் எழுத்தில் போட்டிருக்கலாம். அதற்காகத்தானே அந்த ஃபைலைத் தனியாக வைத்தார் அதை எழுதியவர்? உள்ளே போகாமல், எதையும் உடைக்காமல் மாற்றிக்கொள்ளட்டும் என்றுதானே? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் அதை நமக்குத் தெரியாமல் மூடி, முன்னால் ஒரு ரிக்வெஸ்ட் ஃபாரத்தை ஒட்டிவிட்டார்கள்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான். செங்கம்மா அதற்கு 'தீஸ்கோ' அழுத்தவில்லை. 'வெனக்கி பம்பு'வும் அழுத்தவில்லை. அடுத்த டிராக்டரைக் கூப்பிட்டார்.

நான் பையைத் தூக்கும்போது ஹைதராபாத் பையன் லைனில் வந்தான். கோபமாக இருந்தான்.

"எங்க பர்மிஷன் இல்லாம ஸ்கிரீனை மாத்தியிருக்கீங்களாமே. எந்த டெவலப்பர் சார் பண்ணது? அவர்கிட்ட குடுங்க."

திரும்பிப் பார்த்தேன். செங்கம்மாவின் திரையில் எடை ஏறிக்கொண்டிருந்தது.

"மேடம் பிசி. டிராக்டர் நிற்குது" என்றேன்.